இடுப்புக் கிண்ணம் உடைந்தால் முதல் இரண்டு வாரம்

விபத்தில் இடுப்பு மூட்டு நழுவி, மருத்துவமனையில் அதை மீண்டும் உள்ளே தள்ளிப் பொருத்திவிட்டார்கள் என்றால் சிகிச்சை முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அதற்குப் பிறகு அந்த இடத்தை ஒரு சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். தொடை எலும்பின் பந்து போன்ற மேல்முனை உட்காரும் மூட்டின் கிண்ணம் உடைந்திருந்தால் அதைச் சீர்செய்யும் அறுவை சிகிச்சைக்கு ஏறத்தாழ இரண்டு வாரம்தான் நல்ல காலம். இந்த இரண்டு செய்திகள் விபத்து நடந்த வாரத்தில் என் காதில் விழுந்திருந்தால் என் வலது கால் இன்று வேறு நிலையில் இருந்திருக்கும். கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். மகன் ஏழாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தான். எந்த மருத்துவமனை, எந்த மருத்துவர், எவ்வளவு பணம் என்ற எல்லா முடிவுகளையும் படுக்கையில் கிடந்தபடியே நான்தான் எடுக்க வேண்டியிருந்தது. அப்படி ஒரு நிலையில் இன்று யாராவது படுத்திருந்தால் அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சிதம்பரத்தில் ஒரு திருமணம் முடிந்து விழுப்புரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். காரை ஓட்டியவர் உறவினர். பின்னிருக்கையில் பெரியம்மா கால் நீட்டி உட்கார வேண்டும் என்பதற்காக என் இருக்கையை நன்றாக முன்னுக்குத் தள்ளியிருந்தோம். பண்ருட்டி தாண்டிய பிறகு சாலையோரத்தில் விளக்கே போடாமல் நின்ற லாரியின் பின்புறத்தில் கார் மோதியது. சீட் பெல்ட் போட்டிருந்ததால் தலையும் மார்பும் தப்பின. வலது முழங்கால் மட்டும் முன்பலகையில் பலமாக இடித்தது. விந்தை என்னவென்றால் முழங்காலில் ஒரு சிராய்ப்புதான். வலி முழுவதும் இடுப்பில். கால் உள்பக்கம் திரும்பி, முழங்கால் மடங்கி, மற்றக் காலைவிடக் குட்டையாகக் கிடந்தது. அதை நேராக்கக்கூட முடியவில்லை.

உட்கார்ந்திருக்கும்போது தொடை எலும்பு முன்னும் பின்னுமாகப் படுத்த நிலையில் இருக்கிறது. முழங்காலில் விழுந்த அடி அந்த எலும்பின் வழியாக நேராகப் பின்னால் பாய்ந்து, அதன் மேல்முனையில் உள்ள பந்தை இடுப்புக் கிண்ணத்தின் பின்சுவர் மேல் மோதச் செய்கிறது. சுவர் உடைந்து பந்து பின்பக்கம் வெளியே போய்விடுகிறது. கால் குட்டையாகி உள்நோக்கித் திரும்பிக் கிடப்பதே இதற்கான பெரிய அடையாளம். அப்படி ஒருவரைப் பார்த்தால் காலை இழுத்து நேராக்க முயலாதீர்கள். கிடந்த நிலையிலேயே துணி மடித்து முட்டுக்கொடுத்து, 108 ஆம்புலன்சில் ஏற்றுங்கள். நழுவிய பந்தை முடிந்தால் ஆறு மணி நேரத்துக்குள் உள்ளே போட்டுவிட வேண்டும். நேரம் ஆக ஆக, பந்துக்குப் போகும் இரத்தக் குழாய்கள் முறுக்கிக்கொண்டு, அந்த எலும்பே பின்னாளில் செத்துப்போகும் ஆபத்து ஏறிக்கொண்டே போகிறது.

அந்த முதல் வேலையை எனக்கு நன்றாகவே செய்தார்கள். அருகிலிருந்த நகரத்தின் தனியார் மருத்துவமனையில் அன்றிரவே மயக்க மருந்து கொடுத்து மூட்டைப் பொருத்திவிட்டார்கள். கண் விழித்தபோது கால் நேராக இருந்தது. அந்த நிம்மதியை எழுத்தில் சொல்ல முடியாது. மறுநாள் எக்ஸ்ரேயைக் காட்டி, "பந்து அழகாக உட்கார்ந்திருக்கிறது அம்மா. பின்னால் ஒரு சின்னச் சில்லு மட்டும் பெயர்ந்திருக்கிறது. எலும்பு தானாகக் கூடிவிடும்" என்றார் மருத்துவர். காலில் எடை கட்டி இழுத்து வைத்தார்கள். சில நாள்களில் அதே ஏற்பாட்டோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆறு வாரம் படுக்கை என்று எழுதியிருந்தது. அறுபதாயிரத்துச் சொச்சம் கட்டினேன். சி.டி. ஸ்கேன் என்ற பேச்சே எழவில்லை.

வீட்டில் கழிந்த நாள்கள்தான் இந்த அனுபவத்திலேயே கொடியவை. மலம் கழிக்கும் தட்டை வைக்க இடுப்பைத் தூக்கும்போதெல்லாம் மூட்டுக்குள் ஏதோ சிக்கி விடுபடுவதுபோல் ஒரு 'டொக்' கேட்கும். அதோடு, வலது பாதத்தை மேல்நோக்கித் தூக்கவே முடியவில்லை. விரல்கள் தொங்கின. பாதத்தின் மேற்புறம் மரத்துப் போயிருந்தது. தொலைபேசியில் கேட்டபோது, வீக்கம் வடிந்தால் சரியாகிவிடும் என்றார்கள். இரண்டாம் முறை கேட்டபோது, பெண்களுக்கு வலி கொஞ்சம் அதிகமாகத் தெரியும் என்ற பதில் கிடைத்தது. அன்று வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. நான் வலியைப் பற்றிக் கேட்கவே இல்லையே! பாதம் தூக்கவில்லை, மூட்டுக்குள் சத்தம் கேட்கிறது என்றல்லவா சொன்னேன். பன்னிரண்டு வயது மகன் தட்டை எடுத்துக்கொண்டு போவான். அவன் முகத்தைப் பார்க்கக் கூசி, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வேன். சித்தப்பா புத்தூர் கட்டுக்கு அழைத்துப் போகிறேன் என்று வண்டி ஏற்பாடு செய்யும் அளவுக்குப் போய்விட்டார். நல்லெண்ணம்தான். ஆனால் தசைகளுக்கு அடியில் இவ்வளவு ஆழத்தில் இருக்கும் ஒரு மூட்டின் உள்சுவரை வெளியிலிருந்து கட்டும் எந்தக் கட்டாலும் அதன் இடத்தில் நிறுத்த முடியாது.

மூன்றாவது வாரத்தில் என்னுடன் வேலை பார்க்கும் ஆசிரியையின் தங்கை பார்க்க வந்தாள். புதுச்சேரியில் அறுவை அரங்கச் செவிலியராக இருப்பவள். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பாதத்தைத் தூக்கச் சொன்னாள். பிறகு ஒரே கேள்விதான் கேட்டாள்: "சி.டி. எடுத்தார்களா அக்கா?" மறுநாள் காலை ஆம்புலன்ஸ் வைத்துக்கொண்டு போய் எடுத்தோம். ஆறாயிரம் ரூபாய் ஆனது. கிண்ணத்தின் பின்சுவர் மூன்று துண்டாக உடைந்து விலகியிருந்தது. ஒரு துண்டு பந்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது. அந்த 'டொக்' சத்தம் அதனுடையதுதான்.

சென்னையில் இவ்வகை முறிவுகளையே அதிகம் பார்க்கும் ஒரு மருத்துவரிடம் போனேன். அவர் மேசையில் ஒரு மாதிரி இடுப்பெலும்பு இருந்தது. அதை என் கையில் கொடுத்து அவர் விளக்கிய அரை மணி நேரத்தில்தான் எனக்கு என்ன நேர்ந்திருக்கிறது என்பது முதன்முதலாகப் புரிந்தது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இடுப்பெலும்புகள். முன்னால் ஒன்றோடொன்றும், பின்னால் முதுகெலும்பின் அடியிலுள்ள முக்கோண எலும்போடும் சேர்ந்து ஒரு வளையமாகின்றன. ஒவ்வொரு இடுப்பெலும்பும் பிறக்கும்போது மூன்று எலும்பு. மேலே விரிந்திருப்பது இலியம். இடுப்பில் கை வைத்து நிற்கும்போது கைக்குத் தட்டுப்படும் விளிம்பு அதனுடையது. கீழே பின்னால் இருப்பது இஸ்கியம். கடினமான பலகையில் உட்கார்ந்தால் உறுத்துவது அதன் புடைப்பு. முன்னால் இருப்பது பியூபிஸ். இந்த மூன்றும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. குழந்தைப் பருவத்தில் அந்த இடத்தில் மூன்று கிளையுள்ள குருத்தெலும்பு இருக்கும். பதின்பருவத்தின் நடுவிலோ இறுதியிலோ அது எலும்பாக மாறி மூன்றும் ஒன்றாகிவிடுகின்றன. அந்தச் சந்திப்புதான் தொடை எலும்பின் பந்து உட்காரும் கிண்ணம். மருத்துவர்கள் அதை அசிட்டாபுலம் என்கிறார்கள். கிண்ணத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு இலியம், ஐந்தில் இரண்டு பங்கு இஸ்கியம், மீதி ஒரு பங்கு பியூபிஸ்.

கிண்ணம் முழுவதும் வழுவழுப்பாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. குதிரை லாடம் போல் வளைந்த ஒரு பட்டையில் மட்டும்தான் குருத்தெலும்பு பூசியிருக்கிறது. உடல் எடை முழுவதும் அந்தப் பட்டை வழியாகத்தான் இறங்குகிறது. நடுவில் உள்ள பள்ளத்தில் கொழுப்பும், பந்தோடு இணைக்கும் ஒரு தசைநாரும் இருக்கின்றன. விளிம்பைச் சுற்றி நாராலான ஒரு வளையம் பந்தைப் பிடித்துக்கொள்கிறது. நேராக நிற்கும்போது எடையைத் தாங்குவது கிண்ணத்தின் கூரை. நாற்காலியில் உட்காரும்போதும், அதைவிட அதிகமாக அதிலிருந்து எழும்போதும் தாங்குவது பின்சுவர்.

"உங்கள் எக்ஸ்ரே படுத்த நிலையில், கால் நீட்டியபடி எடுத்தது. அந்த நிலையில் பந்து கூரைக்கு அடியில் ஒழுங்காகத்தான் தெரியும். உட்காரும்போது தாங்க வேண்டிய சுவர் உங்களுக்கு இல்லை" என்றார். பெயர்ந்த சின்னச் சில்லு என்று சொல்லப்பட்டது அந்தச் சுவர்தான். கால் எலும்பு நடுவில் முறிந்தால் சற்று விலகிக் கூடினாலும் வாழ்ந்துவிடலாம். மூட்டின் உள்பரப்பு ஓரிரு மில்லிமீட்டர் படி விட்டுக் கூடினால்கூட ஒவ்வோர் அடியிலும் பந்தின் குருத்தெலும்பு தேய்ந்துகொண்டே போகும். எலும்பு தானாகக் கூடிவிடும் என்று முதல் மருத்துவமனையில் சொன்னது பொய்யல்ல. எலும்பு கூடுவது வேறு, மூட்டு பிழைப்பது வேறு. இந்த வேறுபாட்டை எனக்குச் சொல்லாமல் விட்டதுதான் என்னால் பொறுக்க முடியாதது.

ஆகவே, இடுப்பு முறிவு என்ற சந்தேகம் இருந்தால் ஒரே ஒரு நேர் எக்ஸ்ரேயோடு நிற்க விடாதீர்கள். உடலை இரு பக்கமும் நாற்பத்தைந்து பாகை சாய்த்து எடுக்கும் இரண்டு படங்கள் உண்டு. ஒன்றில் கிண்ணத்தின் முன்சுவரும் பின்தூணும் தெரியும், மற்றதில் பின்சுவரும் முன்தூணும் தெரியும். தூண் என்பது கிண்ணத்தை முன்னும் பின்னும் தாங்கி நிற்கும் கனத்த எலும்புப் பகுதி. அவற்றையும் விட முக்கியம் சி.டி. உள்ளே துண்டு மாட்டியிருக்கிறதா, குருத்தெலும்புப் பரப்பு உள்நோக்கி அமுங்கியிருக்கிறதா என்பதெல்லாம் அதில்தான் நன்றாகத் தெரியும். பிரான்சில் ஜூடே சகோதரர்களும் எமில் லெதூர்னெலும் 1964இல் வெளியிட்ட வகைப்பாட்டில் இந்தக் கிண்ண முறிவுகளைப் பத்தாகப் பிரித்தார்கள். இன்றும் அறுவை மருத்துவர்கள் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். உங்கள் முறிவு அதில் எந்த வகை என்று மருத்துவரைக் கேளுங்கள். எனக்கு வந்த பின்சுவர் முறிவுதான் அவற்றில் அடிக்கடி காணப்படுவது. எல்லாக் கிண்ண முறிவுக்கும் அறுவை சிகிச்சை தேவையில்லை. விலகாமல், கூரையைத் தொடாமல், பந்து அசையாமல் இருந்தால் ஓய்விலேயே சரியாகும் முறிவுகள் உண்டு. அதை ஸ்கேனைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இரண்டு வாரக் கணக்குக்கு வருகிறேன். முதல் நாள்களில் உடைந்த துண்டுகளின் விளிம்பு கூர்மையாக இருக்கும். எது எதோடு பொருந்துகிறது என்று அறுவை மருத்துவருக்குத் தெரியும். நாள் செல்லச் செல்ல இடைவெளியில் புது எலும்பு வளர்ந்து விளிம்புகள் மழுங்கிவிடுகின்றன. மூன்று வாரம் தாண்டினால் அந்தப் புது எலும்பைச் செதுக்கி எடுத்துவிட்டுத்தான் துண்டுகளைச் சேர்க்க வேண்டியிருக்கும். இரத்தம் அதிகம் போகும், நேரம் அதிகம் ஆகும், பொருத்தமும் முன்போல வராது. எனக்கு அறுவை நடந்தபோது நான்காவது வாரம் ஆகியிருந்தது. "முயல்கிறேன். மூட்டு பிழைக்கும் என்று உறுதி கொடுக்க மாட்டேன். சில ஆண்டுகளில் செயற்கை மூட்டு வைக்க வேண்டி வரலாம்" என்று மருத்துவர் நேராகச் சொன்னார். அன்றிரவு முழுவதும் அழுதேன். ஆனாலும் உண்மையைச் சொல்லும் ஒருவர் கையில் இருக்கிறோம் என்ற தெம்பு அதிலிருந்துதான் வந்தது.

மருத்துவரைத் தேடும்போது நான் ஒரு கேள்வியை மறக்காமல் கேட்டேன்: இந்தக் கிண்ண முறிவுக்கு அறுவை சிகிச்சை நீங்கள் அடிக்கடி செய்வதுண்டா? முழங்கால் மாற்று, இடுப்பு மாற்று செய்வதில் பெயர் பெற்றவர்கள் பலர் இருக்கிறார்கள். இது வேறு பயிற்சி. இந்தக் கேள்விக்கு நல்ல மருத்துவர்கள் கோபித்துக்கொள்வதில்லை. ஒருவர், "நான் செய்வதில்லை, இன்னாரிடம் போங்கள்" என்று கடிதமே எழுதிக் கொடுத்தார். சென்னை, மதுரை, கோவை போன்ற நகரங்களின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளையும் விசாரியுங்கள். நாள்தோறும் விபத்துக் காயங்களைப் பார்க்கும் இடங்கள் அவை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருப்பவர்கள் அதையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

அறுவை சிகிச்சை ஐந்து மணி நேரத்துக்கு மேல் நடந்தது. பின்பக்கம் திறந்து, மாட்டியிருந்த துண்டை எடுத்து, சுவரைச் சேர்த்து, வளைந்த உலோகத் தகடும் திருகுகளும் வைத்தார்கள். அந்தச் சுவருக்கு மிக அருகில்தான் சயாட்டிக் நரம்பு காலுக்கு இறங்குகிறது. பந்து பின்னால் பாய்ந்தபோது நரம்பு நசுங்கியிருக்கிறது. பாதத்தைத் தூக்கும் கிளைதான் இதில் அதிகம் பாதிக்கப்படுமாம். அதனால்தான் என் பாதம் தொங்கியது. இடுப்பு நழுவிய எவருக்கும் மூட்டைப் பொருத்துவதற்கு முன்பும் பின்பும் பாதம் தூக்க முடிகிறதா என்று பார்த்துக் குறிப்பில் எழுத வேண்டும். உங்கள் கோப்பில் அப்படி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதச் சொல்லுங்கள். என் பழைய கோப்பில் ஒரு வரிகூட இல்லை. பாதம் தொங்கினால் உடனே பிளாஸ்டிக் தாங்கி வாங்கிப் போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் குதிகால் தசைநார் சுருங்கி, பின்னர் நரம்பு பிழைத்தாலும் பாதம் மடங்காது. நரம்பு இழை மீண்டும் வளர வேண்டியிருந்தால் அது நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். இடுப்பிலிருந்து பாதம் வரை எவ்வளவு தொலைவு என்று எண்ணிப் பாருங்கள். எனக்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. பெருவிரல் இன்னும் முழுதாகத் தூக்கவில்லை.

இன்னும் இரண்டு அபாயங்களை அவர்களே முன்கூட்டிச் சொன்னார்கள். ஒன்று, அசையாமல் கிடப்பதால் காலின் இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்து, அது நுரையீரலுக்குப் போகும் ஆபத்து. அதற்கு வயிற்றில் ஊசி போட்டார்கள். வீட்டில் படுத்திருந்த மூன்று வாரமும் எனக்கு அப்படி எதுவும் தரப்படவில்லை என்று அறிந்தபோது உடல் நடுங்கியது. மற்றொன்று, அறுவை நடந்த இடத்தில் தசைக்குள் தேவையில்லாத எலும்பு வளர்வது. அதைத் தடுக்கச் சில வாரம் மாத்திரை உண்டு. வயிற்றுப் புண் உள்ளவர்கள் அதை முன்பே சொல்லிவிட வேண்டும்.

இனி பணம். அறுவைக்கான மொத்தச் செலவு மூன்று லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய். என்னிடம் ஐந்து லட்ச ரூபாய்க் காப்பீடு இருந்தது. ஆனாலும் தொண்ணூறாயிரத்தைக் கையிலிருந்து கட்டச் சொன்னார்கள். காரணம், அறை வாடகை. என் பாலிசியில் நாள் வாடகைக்கு வரம்பு இருந்தது. அதைவிட உயர்ந்த அறையில் படுத்ததால் மொத்தக் கட்டணத்தையும் அதே விகிதத்தில் வெட்டிவிட்டார்கள். மருந்து, உள்ளே பொருத்தும் தகடு, பரிசோதனைகள் ஆகியவற்றில் இந்த விகித வெட்டு கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020இலேயே விதித்திருக்கிறது. அந்த விதியைக் குறிப்பிட்டு எழுதிக் கேட்ட பிறகு ஒரு பகுதி திரும்பக் கிடைத்தது. படுக்கையில் சேரும் முன்பே பாலிசியில் அறை வாடகை வரியை மட்டுமாவது படித்துவிடுங்கள். தமிழ்நாட்டில் சாலை விபத்து என்றால் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டமும் இருக்கிறது. அதில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு தன் செலவில் கொடுக்கிறது. நான் போன இடம் அந்தப் பட்டியலில் இல்லை. ஆம்புலன்சில் ஏறும்போதே இதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

வீடு திரும்பிய பிறகு மூன்று மாதம் வலது காலில் எடை போடக் கூடாது. பாதத்தின் நுனி மட்டும் தரையைத் தொடலாம். வாக்கரைப் பிடித்துக்கொண்டு இடது காலில்தான் நடை. இடுப்பைத் தொண்ணூறு பாகைக்கு மேல் மடக்கக் கூடாது என்பதால் தாழ்ந்த நாற்காலி, தரையில் உட்காருவது, இந்தியக் கழிப்பறை எல்லாம் விலக்கு. நாற்காலி வடிவக் கழிப்பறை இருக்கையை ஆயிரத்துச் சொச்ச ரூபாய்க்கு வாங்கினேன். அதை முதல் நாளே வாங்கியிருந்தால் மகனை அந்த வேலைக்கு விட்டிருக்க வேண்டாமே என்றுதான் தோன்றியது. ஆனால் அறுவைக்கு முன் என்னால் உட்காரவே முடியாது என்பதும் உண்மை. பகலில் யாராவது வந்தால் தைரியமாகப் பேசுவேன். இரவில் மஸ்கட்டிலிருந்து அழைப்பு வந்தால் "நன்றாக இருக்கிறேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிடுவேன். இப்படிப் படுத்திருக்கும் ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால் "எப்படி இருக்கிறது" என்று கேட்பதோடு நிற்காமல் ஒரு வேலையை உங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டு அக்கா மகனின் பள்ளி மதிய உணவைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். அது செய்த உதவியை எந்த ஆறுதல் சொல்லும் செய்யவில்லை.

வழக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தின்படி 2022 ஏப்ரல் முதல், இழப்பீட்டு மனுவை விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் கொடுக்க வேண்டும். படுக்கையில் கிடப்பவருக்கு ஆறு மாதம் தெரியாமலே ஓடிவிடும். முதல் தகவல் அறிக்கை, விடுவிப்புச் சுருக்கம், எல்லா ரசீதுகள், ஸ்கேன் குறுந்தகடு ஆகியவற்றை ஒரே பையில் போட்டு, ஒருவரிடம் பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள். ஆம்புலன்ஸ் ரசீதும் உதவிக்கு வந்த அம்மாளுக்குக் கொடுத்த கூலிக் கணக்கும்கூட அதில் இருக்கட்டும்.

இப்போது கைத்தடி இல்லாமல் நடக்கிறேன். சற்றுத் தாங்கல் இருக்கிறது. வகுப்பறையில் தொடர்ந்து நின்றால் மாலையில் இடுப்பின் முன்புறம், தொடை மடிப்பில் வலிக்கிறது. இடுப்பு மூட்டின் வலி பெரும்பாலும் அங்கேதான் தெரியும், சில சமயம் முழங்காலிலும் தெரியும். கடைசி எக்ஸ்ரேயில் மூட்டின் இடைவெளி கொஞ்சம் குறைந்திருக்கிறது. பந்தின் எலும்பு சாகும் ஆபத்து விபத்துக்குப் பிறகு இரண்டு மூன்று ஆண்டுகளிலும் தலைகாட்டலாம் என்பதால் வலி இல்லாவிட்டாலும் படம் எடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த படம் பொங்கல் விடுமுறையில். பந்தின் வடிவம் மாறியிருக்கிறதா என்று ஒப்பிட வேண்டும் என்பதால் விபத்தன்று எடுத்த முதல் எக்ஸ்ரேயையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார் மருத்துவர்.